ஸ்டியரிங் ஒரே நாளில் 'கட்' ஆவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதை விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது. "கார் திடீரென டிரைவரின் கட்டுப்பாட்டை இழந்து" என்று தொடங்கி, பள்ளத்திலோ தடுப்புச் சுவரிலோ போய் முடிகிறது. சில நாள் "ஸ்டியரிங் கட் ஆனதால்" என்று கூடுதலாக இரண்டு சொல் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. எந்தப் பாகம் போனது, எத்தனை நாளாகச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது, அந்த வண்டியைக் கடைசியாக ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் 'திடீரென' என்கிற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பொள்ளாச்சியில் கார் மெக்கானிக். 1991-ல் பத்தாவது முடித்த கையோடு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். 2003-லிருந்து சொந்தக் கடை. ஆழியாறு வழியாக வால்பாறை ஏறப் போகிற வண்டிகளும் இறங்கி வந்த வண்டிகளும்தான் என் பிழைப்பில் பாதி. எஞ்சின், கிளட்ச் வேலையெல்லாம் செய்வேன். ஆனாலும் முன் சக்கரத்தின் அடிப்பாகம்தான் என் கைக்குப் படிந்த வேலை.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாராபுரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அந்த அம்மாவின் தாயார். டயரில் காற்றுக் குறைவதாகச் சொல்லி நிறுத்தியவர், "பள்ளத்துல விழுந்தா இடது பக்கம் டக்குனு ஒரு சத்தம் வருதுங்க, மூணு நாலு மாசமாவே இருக்குது" என்று போகிற போக்கில் சொன்னார். ஏழு வருட வண்டி, அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. மூன்று வாரம் முன்புதான் சர்வீஸ் விட்டேன் என்று பில்லையும் எடுத்துக் காட்டினார். ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட், உள்ளே கிளீனிங், வெளியே பாலிஷ் எல்லாம் அதில் இருந்தது.

ஜாக்கி போட்டு இடது முன் சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கினேன். சக்கரத்தைக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணி இருக்கும் இடத்தில் ஒரு கை, மூன்று மணி இடத்தில் ஒரு கை. அப்படிப் பிடித்து ஆட்ட வேண்டும். நல்ல வண்டியில் சக்கரமும் ஸ்டியரிங்கும் சேர்ந்து கெட்டியாக அசையும். இதில் ஸ்டியரிங் அசைவதற்கு முன்பே ஒரு 'டக்'. அவரைக் கூப்பிட்டு, "நீங்களே புடிச்சு ஆட்டிப் பாருங்க" என்றேன். ஆட்டினார். இரண்டாவது ஆட்டலில் முகம் மாறிவிட்டது. அந்த டக் காதில் விழுவதைவிடக் கையில்தான் நன்றாகத் தெரியும்.

கீழே படுத்துப் பார்த்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்டின் ரப்பர் மூடி கிழிந்து தொங்குகிறது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண்ணும் தண்ணீரும் சேர்ந்து காய்ந்துபோய்த் துரு. அதன் நட்டு கழன்று வராமல் இருக்கக் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் போட்டு, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அந்த இடத்தில் யாரோ கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டுவார்களே, அதே கம்பி. ஸ்பிளிட் பின் விலை ஐந்து ரூபாய்.

கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். விழப்போகிற பால் பல்லை நாக்கால் தள்ளினால் எப்படிச் சாயும், அப்படி விரல் பட்டதுமே அந்தத் தண்டு இங்கும் அங்கும் சாய்ந்தது. புதிது ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மற்றக் கையில் கொடுத்தேன். அதை அழுத்தித் தள்ளினால்தான் அசைகிறது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மாமியார் எழுந்து வந்து இரண்டையும் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டா மாப்பிள்ளை நாம மலையேறப் பாத்தோம்?" என்று கேட்டார். மருமகன் பதில் சொல்லவில்லை. பழையதை, கட்டுக்கம்பியோடு ஒரு தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார், சர்வீஸ் விட்ட இடத்தில் காட்டப் போவதாக.

அந்தப் பாகம் செய்கிற வேலை என்னவென்றால், நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கீழே ராக் என்கிற பல்சட்டம் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த நகர்வைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டை ராடு. அதன் முனையில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு இரும்புக் குண்டு. ரப்பர் மூடி கிழிந்து மண் உள்ளே போனால் குண்டும் தேய்கிறது, கிண்ணத்தின் வாயும் அகல்கிறது. ஒரு நாள் குண்டு வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கையில் ஒரு சக்கரம்தான் இருக்கிறது, இன்னொன்று அது பாட்டுக்குப் போகும். சக்கரத்தைக் கீழேயிருந்து பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் கழன்றால் இன்னும் மோசம், சக்கரமே மடங்கிச் சாய்ந்துவிடும். செய்தியில் 'கட்' என்று வருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்த நொடிக்கு முன்னால் மாதக்கணக்காக வண்டி சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

அது சொல்கிற பாஷையைப் பழகிக்கொள்வது பெரிய வித்தை இல்லை. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், மெதுவாகப் போகும்போது 'கட கட' என்று தகரடப்பா போல வந்தால் அனேகமாக லிங்க் ராடு. அதனால் உடனே ஆபத்து இல்லை, ஆனால் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் சுருண்டு விடுபடுகிற மாதிரி 'டொய்ங்' என்று வந்தால் மேலே ஸ்ட்ரட் மவுண்ட், அதாவது ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கிற பாகம். முழுசாக ஒடித்துத் திரும்பும்போது 'டக்டக்டக்' என்று வேகத்தோடு கூடிக்கொண்டு போனால் அது ஸ்டியரிங்கே இல்லை, ஆக்ஸில் ஜாயின்ட். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் லேசான தட்டல் தெரிந்து, நேர் ரோட்டிலும் வண்டி கொஞ்சம் அலைபாய்ந்தால், அதுதான் நான் மேலே சொன்ன டை ராடு அல்லது ராக். அந்த வண்டியோடு மலைக்குப் போகவே கூடாது. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இதில் எதுவுமே கேட்காது. மாதம் ஒரு நாளாவது ஏசியும் பாட்டும் இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு சுவரோரமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

மலை ஏறும்போது மட்டும் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் போகிற வழியில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்க வேண்டிய இடமே வராது. வால்பாறைக்கு ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. ஏற நாற்பது, இறங்க நாற்பது. ஒவ்வொன்றிலும் ஜாயின்ட்டுகள் கடைசி எல்லை வரை மடங்குகின்றன. இறங்கும்போது பிரேக்கும் சேர்ந்துகொள்ள, வண்டியின் எடையில் பெரும்பங்கு வெளிப்பக்கத்து முன் சக்கரத்தில் போய் உட்கார்கிறது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். ஊருக்குள் ஒரு வருடம் தாங்கியிருக்கும் ஜாயின்ட், அங்கே ஒன்பதாவது வளைவின் வியூ பாயின்ட்டைத் தாண்டுமா என்று சொல்ல முடியாது. அப்புறம் மழை. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு பக்கம் பெய்கிற மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிழிந்த ரப்பருக்குள் ஒரே நாளில் தண்ணீர் இறங்கிவிடும்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வயதானவர்களிடமும் டிராவல்ஸ் பையன்களிடமும் இன்னும் இருக்கிற பழக்கம். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவது. பெட்ரோல் மிச்சமாம். இப்போது வருகிற கார்களில் பவர் ஸ்டியரிங். எஞ்சின் நின்றால் அந்த உதவி போய்விடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்கில் மிதியை லேசாக்குகிற பூஸ்டர் இருக்கிறது. எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அதில் மிச்சம் இருக்கும், அப்புறம் பெடல் லேசில் இறங்காது. சாவியைக் கடைசிவரை திருப்பி உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். 'ஸ்டியரிங் லாக் ஆயிடுச்சு' என்று அழுதுகொண்டே சொன்ன ஒரு டிரைவரை நானே பார்த்திருக்கிறேன், நல்லவேளையாக வண்டி மண்மேட்டில் முட்டி நின்றிருந்தது. இவ்வளவும் எதற்கு? இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் அதுவே எரிபொருளை நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் குடிக்கும். செகண்ட் கியரில் இறங்குவதுதான் சிக்கனமும். நம்பாதவர்களை என் கடைக்கு முன்னாலேயே உட்காரவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வேன். பிரேக்கை நாலு தடவை மிதிக்கச் சொல்வேன். அதற்குமேல் பேச்சு வேண்டியிருப்பதில்லை.

சரி, அலைன்மென்டுக்கு, அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணத்தைச் சரிசெய்கிற வேலைக்கு வருகிறேன். மக்களிடம் இருக்கிற பெரிய நம்பிக்கை இது. மிஷினில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாக வந்து, பிரின்ட் கையில் கொடுத்துவிட்டால் ஸ்டியரிங் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த மிஷின் அளப்பது நிற்கிற வண்டியை. ஆட்டம் இருக்கிற ஜாயின்ட் நிற்கும்போது ஒரு இடத்தில் இருக்கும், ஓடும்போது வேறு இடத்தில் இருக்கும். முதலில் ஆட்டத்தைப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, அதற்கப்புறம்தான் அலைன்மென்ட். தாராபுரத்துக்காரர் பில்லிலும் அலைன்மென்ட் இருந்தது. அதைச் செய்தவர் டை ராடில் ஸ்பானர் போட்டுத்தானே திருப்பியிருக்க வேண்டும்? அதற்கு ஒரு சாண் தள்ளியிருந்த கட்டுக்கம்பி அவர் கண்ணில் படவில்லையா என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் மாதிரியும் தட்டினால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, தப்பு. சக்கரம் நேராக உருளாமல் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். கார்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் துளித் துளியாகத் தேய்ந்தாலும் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு ஓரம் மொட்டையாகிவிடும். இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர். பானெட் ஓரத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழுந்து அடங்கினால் நல்லது, ஊஞ்சல் ஆடினால் போய்விட்டது. மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும்.

நான் தொழில் பழகிய காலத்தில் அம்பாசிடர்தான். மாதத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வண்டி பட்டறைக்கு வந்தே ஆக வேண்டும். கிரீஸ் அடிக்கிறவன் கண் எல்லா ஜாயின்ட்டிலும் ஒரு தடவை பட்டுவிடும். மாருதி 800 வந்ததிலிருந்து படிப்படியாக எல்லாமே மூடின ஜாயின்ட். கிரீஸ் அடிக்க வேண்டியதில்லை, வாழ்நாள் முழுக்க அதுவே போதும் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அடியில் படுத்துப் பார்க்கிற பழக்கமும் அதோடு போய்விட்டது. சட்டமும் கேட்பதில்லை. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அப்புறம் வருடா வருடமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். வெள்ளை போர்டு சொந்தக் கார் ஒரு தடவை பதிவு செய்தால் 15 வருடம். அதுவரை அந்தச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் கடமை இல்லை. இந்த 15 வருடத்துக்கு நடுவில் ஒரு முறையாவது அடிப்பாகப் பரிசோதனை வேண்டும் என்பது என் கோரிக்கை. உங்கள் தலையங்கத்தில் ஒரு நாள் இதை எழுதுங்கள்.

என் தொழில்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1997-ல் நான் வேலை பார்த்த இடத்தில், வளைந்துபோன டை ராடு ஒன்றைக் கேஸ் காட்டிப் பழுக்கவைத்து நிமிர்த்தினோம். கேஸ் பிடித்தது நான்தான். சூடு காட்டினால் இரும்பின் பதம் போய்விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது, மேஸ்திரி சொன்னதைச் செய்தேன். பத்து நாளில் ஆனைமலை ரோட்டில் அதே இடத்தில் அது மடங்கி, வண்டி தென்னந்தோப்பு வரப்பில் ஏறி நின்றது. உள்ளே ஒரு கைக்குழந்தை இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங், சூடு, நிமிர்த்தல் எதையும் நான் தொடுவதில்லை. பழகின வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. ஸ்டியரிங் இணைப்புப் பாகங்கள் செய்வதில் சென்னையின் ராணே நாடறிந்த பெயர், ஷாக் அப்சார்பர் நம் ஓசூரிலேயே ஆகிறது. இப்படிப் பக்கத்திலேயே நல்ல பாகம் கிடைக்கும்போது, பெட்டி மட்டும் அசலைப் போல இருக்கிற போலியைப் பாதி விலைக்கு வாங்கிப் போடுகிறோம். சின்னக் காருக்கு ஒரு பக்க டை ராடு எண்டு மாற்றி அலைன்மென்டும் செய்ய என் கடையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கழற்றும்போது எத்தனை மரை என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதியதை அதே மரைக்கு ஏற்றினாலும் அலைன்மென்டை விடக்கூடாது. பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். கேட்காமலே கொடுங்கள்.

வேகத்தடை பற்றியும் எழுத நினைத்தேன், அது தனிக் கடிதத்துக்கு உரியது. ஒன்று மட்டும். சாலைக்கு அளவுகள் வகுக்கிற அமைப்பான இந்தியன் ரோடு காங்கிரஸ் சொல்கிற அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் பக்கத்துக் கிராம ரோடுகளில் இரண்டடி அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பி, வெள்ளைக் கோடும் போடாமல் விட்டிருக்கிறார்கள். இரவில் அதில் விழுந்த வண்டிகளின் ஸ்ட்ரட் மவுண்டை மாற்றி நான் சம்பாதித்த காசு எனக்கு வேண்டாத காசு.

உங்களிடம் நான் கேட்பது இன்னும் இரண்டுதான். விபத்துச் செய்தி சேகரிக்கப் போகிற நிருபர், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்த பிறகு ஒரு போன் செய்து எந்தப் பாகம் போனது என்று கேட்டு, இரண்டு வரி சேர்த்துப் போடட்டும். கேட்கிறவர்கள் இருந்தால் எழுதி வைப்பார்கள். இன்னொன்று, ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். அதே இடத்தில், வண்டி நிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணில் படும்படி ஒரு பலகை வைக்கச் சொல்லி எழுதுங்கள். "இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள். ஸ்டியரிங்கில் தட்டல் இருந்தால் மேலே ஏறாமல் பொள்ளாச்சிக்குத் திரும்புங்கள்." அவ்வளவு போதும்.

கோடை விடுமுறை முடிகிற வரை சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைக்கிறேன். மலையேறுகிற வண்டி எதுவானாலும் ஜாக்கி போட்டு முன் சக்கரம் இரண்டையும் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் ஆகும், காசு வேண்டாம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவது வண்டிக்காரராகவே இருக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
பொள்ளாச்சி.